தூண்டிற்காரரின் கணக்கேடு

குளிர்நாட்டுக் கடற்கரைகளில் வாழ்வோர் பலர் ஒன்றுகூடிப் படகேறி, உயிருள்ள சிறு மீனைத் தூண்டிலில் கோத்து, ஹாலிபட் என்னும் தட்டை மீனைப் பிடிக்கச் செல்வதுண்டு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருக்கு அத்தகைய கடல் இல்லை. ஆயினும் குழுவாகச் சென்று தூண்டில் போடும் வழக்கம் இந்நகரத்தாரிடையேயும் நெடுங்காலம் நிலவி வந்தது. அவர்கள் நாடிச் சென்றது, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் பாறைகளுக்கிடையே பாயும் காவிரியை. அவர்கள் தேடியது மஹ்சீர் என்னும் பெருமீனை. அந்த மீனின் வரலாற்றில் நாம் அனைவரும் அறியவேண்டிய ஒரு பாடம் உளது.

மஹ்சீர் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆற்றங்கரை மரங்களின் கனி, நண்டு, நத்தை, சிறு மீன் ஆகிய யாவும் அதற்கு உணவாகும். அதன் வாயில் பல் இல்லை. தொண்டையிலுள்ள பற்களே நத்தை ஓட்டையும் நொறுக்கிவிடும். இம்மீனைப் பிடிக்கும் முறைகளை விளக்கி, சென்னை மாகாண அதிகாரியாக விளங்கிய எச். எஸ். தாமஸ் 1873-இல் ஒரு நூல் வெளியிட்டார். மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் 1946-இல் கபினி ஆற்றில் பிடித்த மஹ்சீரின் எடை 120 ராத்தல். அதாவது ஏறத்தாழ 54 கிலோ. அத்தகைய பெருமீன்கள் முதுகு உயர்ந்து, திமில் உடையவை போலத் தோன்றும். ஆதலின் இவ்வகையைத் திமில் மஹ்சீர் என்று நாம் அழைக்கலாம்.

பீமேசுவரி, காலிபோர், தொட்டமாகளி ஆகிய இடங்களில் தூண்டிற்காரர் ஆற்றோரமாகக் கூடாரமிட்டுத் தங்குவர். நண்டும் சிறு மீனும் இரையாவதுண்டு. எனினும் அங்கே பெயர் பெற்ற இரை, கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்த உருண்டையேயாகும். பரிசலில் சென்று மடுவை அடைந்து, தூண்டிலை எறிந்து காத்திருப்பர். மீன் இரையைக் கவ்வியதும் பாறைகளை நோக்கி விரைந்தோடும்; அதைக் கரை சேர்ப்பதற்கு நெடுநேரம் போராட வேண்டும். கரை சேர்ந்த மீனை எடைபோட்டுக் கணக்கேட்டில் எழுதியபின், நீரோட்டத்தை எதிர்நோக்குமாறு பிடித்திருந்து, அது தெளிவு பெற்றதும் விட்டுவிடுவர்.

இவ்வாறு பிடித்ததை விட்டுவிடும் நெறி வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. வெடி வைத்து மீன் பிடிப்போரால் மடுக்கள் பாழாகி வந்தன. 1972-இல் பெங்களூரில் தோன்றிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் அமைத்தது. முன்னர் திருட்டு மீன் பிடித்தவர் சிலரே பின்னர் காவலராகவும் வழிகாட்டிகளாகவும் அமர்ந்தனர். மீன் உயிரோடிருந்தால்தான் தமக்குப் பிழைப்பு என்பதை அவர்கள் கண்டனர்.

காவல் மட்டும் போதாது, மீனையும் பெருக்கவேண்டும் என்று அக்காலத்தினர் கருதினர். டாட்டா நிறுவனத்தார் மராட்டிய நாட்டு லோணாவளாவில் மஹ்சீர்க் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்து வந்தனர். 1970-களில் தொடங்கி அக்குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. நோக்கம் நல்லதே. ஆனால் அவை நீலத் துடுப்புடைய வேறோர் இனம். கிருஷ்ணையாற்றுப் பகுதிக்கு உரியவை. எல்லாம் மஹ்சீர்தானே என்னும் எண்ணமே அன்று மேலோங்கி நின்றது.

விளைவை வெளிப்படுத்தியது எது? தூண்டிற்காரர் எழுதிவைத்த கணக்கேடே! காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை பதிவான குறிப்புகளை ஆராய்ச்சியாளர் பின்னர் ஆராய்ந்தனர். நீலத்துடுப்பு மஹ்சீர் ஆண்டுதோறும் பெருகி வந்ததையும், திமில் மஹ்சீர் அருகி வந்ததையும் அவை காட்டின. அகப்பட்ட திமில் மீன்கள் சிலவும் முதிர்ந்தவையாகவே இருந்தன. இளமீன் தோன்றாத குலம் எவ்வாறு நிலைக்கும்? வந்தேறிய இனம் இதற்கு ஒரு முதன்மையான காரணம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. உலகப் புகழ் பெற்ற இத்திமில் மீனுக்கு அறிவியல் முறைப்படி உறுதியான பெயரே நெடுங்காலம் இல்லை. காவிரியின் கிளையாறுகளுள் ஒன்றான கேரளத்துப் பாம்பாற்றில் கண்டு, டார் ரேமாதேவி என்று பெயரிடப்பட்ட இனமே இது என்பது 2018-இல்தான் நிறுவப்பட்டது. பெயரில்லாத உயிரைக் காப்பு அட்டவணையில் சேர்ப்பது அரிது. பெயர் உறுதியான அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக இது உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இடம்பெற்றது. நீலகிரியை ஒட்டிப் பாயும் மாயாற்றில் இவ்வினம் இன்னும் வாழ்வதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

1987-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயத்துள், 2010-க்குப் பின் தூண்டில் முகாம்கள் நிறுத்தப்பட்டன. சரணாலயத்து உயிரை விளையாட்டிற்காகத் துன்புறுத்தலாகாது என்பது ஒரு சாராரின் கருத்து. தூண்டிற்காரர் அகன்றால் காவற்கண்ணும் அகலும், வெடி வைப்போர்க்கு வழி திறக்கும் என்பது மற்றொரு சாராரின் கவலை. இரண்டிலும் உண்மை உண்டு. தூண்டில் இருப்பினும் இல்லாதுபோயினும், ஆற்றைக் கவனித்துக் கணக்கெழுதும் பணி நின்றுவிடலாகாது என்பதே நம் எண்ணம்.

காக்க விரும்பும் பொருள் இன்னதென்று அறியாமல் செய்யும் உதவி, அப்பொருளுக்கே கேடாய் முடியலாம். ஏரியிலும் ஆற்றிலும் மீன்குஞ்சு விடுமுன், அந்நீருக்கு உரிய இனம் எது என்று கேட்டறிவது நம் கடமை. 1974 முதல் காவிரி நீர் பெங்களூர் மக்களின் வீடுகளுக்குக் குடிநீராக வந்துகொண்டிருக்கிறது. அந்த ஆற்றின் நீரைப் பருகுவோர், அதில் வாழும் உயிர்களின் பெயரையேனும் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?