நெய்க் கணக்கும் நோட்டுக் கணக்கும்

ரயிலே இல்லாத ஊரில் போய்க் குடியேறிய ரயில்வேக்காரன் என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்துவிட்டுப் பலமனேரில் வந்து ஓய்வாக உட்கார்ந்தேன். ஓய்வு நீடிக்கவில்லை. இங்குள்ள தமிழன்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய அறநிதிக்கு, உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பொறியாளன் புத்தி எங்கே போகும்? முதல் வேலையாக எட்டுப் பக்கத்தில் ஒரு படிவம் தயாரித்தேன். மூன்றாண்டு தணிக்கைக் கணக்கு, மாதாந்திர அறிக்கை, புகைப்படம், ரசீது எல்லாம் கேட்டேன். சம்பளத்துக்கும் வாடகைக்கும் பணம் கிடையாது, பொருளாக மட்டுமே உதவி என்று ஒரு விதியும் சேர்த்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

குப்பம் சாலைப் பக்கம் ஒரு சிற்றூரில் மாலை வகுப்பு நடத்தி வந்த ஓர் அம்மையார் விண்ணப்பித்தார். நோட்டுப் புத்தகமும் பலகையும் வாங்கக் கொடுத்தோம். எட்டு மாதத்தில் வகுப்பு மூடப்பட்டது. விசாரிக்கப் போனேன். திண்ணையில் நோட்டுக் கட்டுகள் பிரிக்கப்படாமல் இருந்தன. "சார், நோட்டு இருக்கு, பசங்களும் இருக்காங்க. சொல்லிக் குடுக்கத்தான் ஆள் இல்ல" என்றார். பாடம் சொன்ன பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுக்க முடியாததால், அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். தவறு அந்த அம்மையாருடையதல்ல, என் படிவத்தினுடையது.

திரும்பி வரும் வழியில் என் பழைய வேலை நினைவுக்கு வந்தது. வெளியார் பணம் கட்டி ரயில்வேயிடம் ஒரு வேலையைச் செய்யச் சொன்னால், அதற்கு டெபாசிட் வேலை என்று பெயர். மதிப்பீட்டில் பொருள், கூலி போக, இலாகா செலவு என்று பன்னிரண்டரை சதவீதம் சேர்ப்பது நாங்கள் கண்ட வழக்கம். மேற்பார்வையாளர் சம்பளமும் அலுவலகச் செலவும் அதில் அடக்கம். அதை வீண்செலவு என்று யாரும் சொன்னதில்லை. அரசாங்க இலாகாவுக்கு நியாயமானது, கிராமத்து வகுப்புக்கு மட்டும் எப்படி அநியாயமாகும்?

இது நம் சிறிய நிதியின் கதை மட்டுமல்ல. பிரிட்ஜ்ஸ்பேன் என்ற ஆலோசனை நிறுவனம் இந்தியாவில் 388 தொண்டு நிறுவனங்களை விசாரித்து 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுகளுக்குப் பணம் பெறத் திண்டாடுவதாக 83 சதவீதத்தினர் கூறியிருந்தனர். நன்றாக நடக்கும் 40 நிறுவனங்களின் கணக்கைப் பார்த்தபோது, இச்செலவு 5 முதல் 51 சதவீதம் வரை இருந்தது. இடைநிலை அளவு 19. எல்லோருக்கும் ஒரே விகிதம் என்பது பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டத்தைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. பெரிய கம்பெனிகள் தம் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதி 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது, கம்பெனி தன் அலுவலகத்தில் செய்யும் செலவைக் குறித்தது. களத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தின் செலவை அது குறிக்கவில்லை. வெளிநாட்டு நன்கொடை விஷயம் வேறு. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் நிர்வாகச் செலவின் வரம்பை 50-லிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பெற்ற பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதையும் தடை செய்தது. ஆகவே சிற்றூர் அமைப்புகளுக்கு நம்மைப் போன்ற உள்ளூர் நிதிகளின் உதவி முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது.

நம் முன்னோர் இதை எப்படிச் செய்தார்கள்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஒரு விளக்கு எரிக்க 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழியக் குட்டி வளர்ந்து எண்ணிக்கை நிலைப்பதால் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. கணக்கு உண்டு, ஆனால் கேட்ட கணக்கு நெய் ஒன்றுதான்.

நம் திருப்பதியையே பாருங்கள். விஜயநகரக் காலத்தில் படையலுக்கென்று பக்தர்கள் கொடுத்த பணத்தைக் கோயில், தன் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவிட்டது. கூடுதல் விளைச்சலிலிருந்து படையல் நடந்தது. அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டைன் 1960-இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கொடுத்தது படையலுக்கு, போனது ஏரிக்கு. பாடம் சொல்லும் பெண்ணின் சம்பளம்தான் நம் காலத்து ஏரி என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சிந்தனையோடு குழுவின் முன் நான்கு யோசனைகளை வைத்தேன்.

1. படிவம் இரண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாது. எழுத வராதவர் தமிழிலோ தெலுங்கிலோ வாயால் சொன்னால் நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

2. சம்பளம், வாடகை உட்பட எதற்குச் செலவிடுவது என்பதை வேலை செய்பவரே தீர்மானிக்கட்டும்.

3. ஓராண்டு உதவிக்குப் பதில் மூன்றாண்டு உறுதி கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்ற கவலையில் நல்ல ஆள் நிலைக்கமாட்டார்.

4. ஆண்டுக்கு ஒருமுறை, உதவி பெற்றவர் நம்மைப் பற்றிக் குறை சொல்ல இடம் வேண்டும். அதைக் கேட்கும் உறுப்பினர், பணம் பரிந்துரைப்பவராக இருக்கக்கூடாது. பணம் கொடுப்பவர் முகத்துக்கு நேரே யார் உண்மை சொல்வார்கள்?

"கணக்குக் கேட்காவிட்டால் ஏமாற்றமாட்டார்களா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தண்டவாளத்தின் நிலையை நாங்கள் காகிதத்தில் மட்டும் பார்த்ததில்லை, டிராலியில் போயும் நடந்தும் பார்த்தோம். அதேபோல் வருடத்துக்கு இருமுறை நேரில் போய் வந்தால், எட்டுப் பக்கம் சொல்லாததைப் பிள்ளைகளின் முகம் சொல்லிவிடும். சிறு தொகைக்குச் சிறு கணக்கு, பெருந்தொகைக்குப் பெருங்கணக்கு என்று வைத்துக்கொண்டால் போதும்.

முதல் மூன்றையும் குழு ஏற்றது. நான்காவது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. குறை கேட்பது நமக்குக் கசக்கத்தான் செய்யும். அந்த அம்மையாரிடம் மீண்டும் போய், வகுப்பைத் தொடங்க என்ன வேண்டும் என்று இம்முறை படிவம் இல்லாமல் கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார். அவர் யோசிக்கட்டும், நாம் காத்திருக்கலாம். உங்கள் ஊர்ச் சங்கத்திலும் உதவிநிதி இருந்தால், அதன் படிவத்தை ஒருமுறை வாங்குபவரின் இடத்திலிருந்து நிரப்பிப் பாருங்கள்.