மருந்துப் பையை ஒருக்காக் கவிழ்த்துப் பார்ப்போம்

தேத்தண்ணி ஆறட்டும். அதற்குள் வீட்டில் இருக்கிற மருந்துப் பையை எடுத்துவந்து மேசையில் கொட்டுங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக் கிளினிக்கில் கட்டித் தந்த கடுதாசிப் பைகள் இருக்கும். சந்திப் பாமசியில் துண்டு காட்டாமலே வாங்கிய நோக்குளிசை இருக்கும். கனடாவிலிருந்து மகள் அனுப்பிய பெரிய போத்தலும் இருக்கும். மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்தவை. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஆள் ஒருவரும் இல்லை. நான் பயப்படுவது அதற்குத்தான்.

கனடாப் போத்தலில் டைலனோல் என்று பெரிதாக எழுதியிருக்கும். கீழே சின்ன எழுத்தில் அசிற்றமினோஃபென். அங்கே அந்தப் பெயர். இங்கே அதே மருந்து பரசிற்றமோல். பனடோலும் அதுதான். காய்ச்சலுக்குக் கிளினிக் பரசிற்றமோல், தலையிடிக்குப் பனடோல், கால் நோவுக்கு டைலனோல் என்று போடுகிறவர் ஒரே மருந்தை மும்மடங்கு விழுங்குகிறார். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு 8ஐத் தாண்டக்கூடாது; ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையில் 4 முதல் 6 மணித்தியாலம் வேண்டும். மெலிந்தவருக்கும், குடிப்பவருக்கும், ஈரல் வருத்தக்காரருக்கும் அதைவிடக் குறைவு. மிஞ்சினால் ஈரல் பழுதாகும். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, தெரியவரும்போது பிந்திவிடும்.

அந்தச் சின்ன எழுத்துப் பெயருக்காகப் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர்தான். கம்பனி சூட்டிய பெயரை விட்டு, மருந்தின் சொந்தப் பெயரால் எழுதவும் வாங்கவும் வேண்டும் என்றார். ஏழைக்கும் மருந்து கட்டுப்படியாக வேண்டுமென்று செய்த வேலை அது. எங்கள் கிளினிக் கொப்பிகளில் இன்றைக்கும் பெரும்பாலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. பார்சலில் எது வந்தாலும் அதன் சின்ன எழுத்தைக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள்.

அடுத்த கரைச்சல், பக்கவிளைவைப் புது வருத்தமென்று எண்ணுவது. பிரஷருக்கு எனலாப்ரில் தொடங்கியவர் சிலருக்குக் கொஞ்ச நாளில் வறட்டு இருமல் பிடிக்கும். அவர் கொத்தமல்லி அவித்துக் குடிப்பார், பாணி மருந்து வாங்குவார், எக்ஸ்றேயும் எடுப்பார். இருமல் போகாது, குளிசையை மாற்றினால்தான் போகும். அம்லோடிப்பின் கணுக்காலை வீங்கவைக்கலாம். அதற்கென்று சலம் போகிற குளிசை ஒன்று சேரும். முழங்கால் நோவுக்கு டைக்ளோஃபெனாக்கும் சேரும். எனலாப்ரிலோ லோசார்ட்டனோ எடுப்பவர் இவை இரண்டையும் கூடப் போட்டால் சிறுநீரகம் தாங்காது. ஆகவே புதுக் குளிசை தொடங்கிய திகதியைக் கொப்பியில் எழுதிவையுங்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கோளாறையும் அந்தத் திகதியோடு சேர்த்துச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். முகமோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால் மட்டும் அடுத்த குளிசை போடாமல் அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இப்போது தேத்தண்ணியைக் குடிக்கலாம், இரும்புச்சத்துக் குளிசை எடுக்கும் பிள்ளைத்தாச்சியைத் தவிர. தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாது. குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். கல்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டாம்.

மருந்தைக் குசினித் தட்டில் வைக்காதீர்கள். 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லித்தான் கனக்கப் பெட்டிகளில் போட்டிருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அது நடக்காது. மாரியில் ஈரம் கெடுக்கும். படுக்கையறை அலுமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரம் நல்லது. நெஞ்சுநோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை அதன் மண்ணிறப் போத்தலிலேயே இருக்கவேண்டும். கடுதாசியில் மடித்துச் சட்டைப்பையில் கொண்டு திரிந்தால் அவசரத்தில் வேலை செய்யாமல் போகலாம். திறக்காத இன்சுலினுக்குக் குளிர்சாதனப் பெட்டி, ஐஸ் தட்டு அல்ல. உறைந்த இன்சுலின் உருகித் தெளிந்தாலும் உதவாது. 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்கள் ஞாபகமிருக்கும். அப்படி நின்றால் ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, அதில் நனையாமல் பாதுகாக்கலாம்.

கடைசியாக, எங்கள் ஊருக்கென்றே ஒன்று. 2011இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை தெல்லிப்பழையில்தான் இருக்கிறது. அங்கே கீமோ ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களுக்கு அடுத்த ஒன்றிரண்டு கிழமைக்குள் வெள்ளை அணு நன்றாகக் குறைந்துவிடும். சின்னக் கிருமியையும் உடம்பால் எதிர்க்க முடியாது. அப்போது காய்ச்சல் ஒன்றே ஒரே அறிகுறியாக இருக்கலாம். பனடோல் போட்டு அதை அடக்கிவிட்டால் அந்த அறிகுறியும் மறைந்துபோகும். வீட்டில் ஒரு வெப்பமானி வைத்திருங்கள். 38 பாகை, பழைய கணக்கில் 100.4, காட்டினால் கீமோக் கொப்பியோடு கிட்டடி ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கீமோ ஏற்றிய திகதியை வாசலிலேயே சொல்லுங்கள். இரவு 2 மணியென்றாலும் விடியட்டும் என்று இருக்கவேண்டாம்; ஆட்டோக்காரரை எழுப்புங்கள்.