புரதத்தைப் பிடிக்கும் டி.என்.ஏ. தூண்டில்

சென்ற ஆண்டு என் அம்மாவுக்குத் தைராய்டு டெஸ்ட் எடுத்தோம். பல வருடங்களாக ஒரே அளவு மாத்திரை சாப்பிட்டு வருபவர். ஆனால் அந்த ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். அளவு மிகவும் குறைவாக இருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால், மாத்திரை அதிகமாகி விட்டது, குறைக்க வேண்டும் என்று தான் அர்த்தம். டாக்டர் குறைக்கும் முன் ஒரு கேள்வி கேட்டார். "முடி கொட்டுகிறது என்று ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா அம்மா?"

சாப்பிட்டுக் கொண்டு தான் இருந்தார். பயோட்டின், 10 மில்லிகிராம். ஆன்லைனில் ஆர்டர் செய்து கொடுத்தவனே நான் தான்! சில நாட்கள் அதை நிறுத்தி விட்டு மறுபடியும் ரத்தம் கொடுத்தோம். டி.எஸ்.எச். சரியாக இருந்தது.

தவறு அம்மாவின் உடம்பில் இல்லை, அளந்த முறையில் இருந்தது. டி.எஸ்.எச். என்பது ஒரு புரதம். அதை அளக்கும் மெஷின்கள் பலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின் ஒரு கொக்கி போலப் பயன்படுகிறது. ரத்தத்திலேயே பயோட்டின் அதிகமாக இருந்தால், கொக்கி மாட்ட வேண்டிய இடங்களை அது பிடித்துக் கொள்ளும். விளைவு, டி.எஸ்.எச். குறைவாகத் தெரியும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இது பற்றி 2017-ல் எச்சரிக்கையே வெளியிட்டது.

ஒரே ஒரு புரதத்தை அளப்பதிலேயே இந்தப் பாடு. ஆனால் இன்று ஒரு துளி ரத்த நீரில் சுமார் 11,000 அளவீடுகளை ஒரே நேரத்தில் எடுக்கும் முறை வந்து விட்டது. அதற்கு அடிப்படை அப்டாமர் என்ற சிறிய டி.என்.ஏ. துண்டு. அது எப்படி வேலை செய்கிறது, அது தரும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

புரதத்தை அளப்பது ஏன் கஷ்டம்?

டி.என்.ஏ.வை அளப்பது எளிது. பி.சி.ஆர். முறையில் ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகக் காப்பி எடுத்துக் கொண்டே போகலாம். 30 சுற்றில் ஒன்று 100 கோடிக்கும் மேல் ஆகி விடும். புரதத்துக்கு இப்படிப்பட்ட காப்பி வசதி கிடையாது. இருப்பதை அப்படியே தான் தேட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம் இருக்கிறது. இன்டர்லூகின்-6 என்ற புரதமோ ஆரோக்கியமானவர்களிடம் சில பிகோகிராம் தான் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 1,000 கோடி மடங்கு. உலக மக்கள் தொகையை விடப் பெரிய கூட்டத்தில் ஒரே ஒருவரைத் தேடுவது போன்ற வேலை இது.

இந்தத் தேடலுக்கு இதுவரை அதிகம் உதவி வந்தது ஆன்டிபாடி. குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக் கொள்ளும் இன்னொரு புரதம் இது. பெரும்பாலும் விலங்குகளின் உடலில் இருந்தோ, வளர்க்கப்படும் செல்களில் இருந்தோ எடுக்கப்படுகிறது. நன்றாக வேலை செய்யும் என்றாலும், ஒரு தயாரிப்புக்கும் அடுத்த தயாரிப்புக்கும் வித்தியாசம் வரலாம். ஆயிரக்கணக்கான ஆன்டிபாடிகளை ஒரே குழாயில் கலந்தால் ஆள் மாறிப் பிடிக்கும் தொல்லையும் உண்டு.

10 பைட்டில் ஒரு தூண்டில்

1990-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்தன. ஒன்று கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிரேக் டுவெர்க், லாரி கோல்ட். மற்றொன்று ஆண்ட்ரூ எலிங்டன், ஜாக் ஷோஸ்டாக். கோல்ட் குழு தன் முறைக்கு செலெக்ஸ் என்று பெயர் வைத்தது. எலிங்டனும் ஷோஸ்டாக்கும், கிடைத்த துண்டுக்கு அப்டாமர் என்று பெயர் வைத்தார்கள். 'பொருந்துவது' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர் இது. (ஷோஸ்டாக் 2009-ல் நோபல் பரிசு பெற்றார், ஆனால் அது வேறு ஆராய்ச்சிக்காக.)

யோசனை இது தான். டி.என்.ஏ. என்றால் நாம் தகவல் சேமிக்கும் நூலைத் தான் நினைக்கிறோம். ஆனால் ஒற்றை இழையாக விட்டால் அது தன் எழுத்து வரிசைக்கு ஏற்றபடி தானாகவே மடங்கி ஒரு வடிவம் எடுக்கும். அந்த வடிவம் ஏதாவது ஒரு புரதத்தின் மேடு பள்ளத்தில் சாவி போல் பொருந்தலாம்.

பொருந்தும் வரிசையை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் பாஷையில் கணக்குப் போடுவோம். டி.என்.ஏ.வில் ஏ, சி, ஜி, டி என நான்கே எழுத்துக்கள். ஆக ஒரு எழுத்துக்கு 2 பிட். 40 எழுத்து என்றால் 80 பிட், அதாவது 10 பைட். இதில் சாத்தியமான வரிசைகள் 2-ன் அடுக்கு 80. ஒன்றுக்குப் பின் 24 பூஜ்யங்கள் போட்டால் வரும் எண்ணை விடவும் சற்று அதிகம்! சோதனைக் குழாயில் சுமார் 10 கோடி கோடி வரிசைகளைத் தான் போட முடியும். மொத்தத்தில் இது 100 கோடியில் ஒரு பங்கு. ஆனாலும் பொருந்தும் வரிசைகள் அதிலேயே கிடைத்து விடுகின்றன.

செய்முறை இதோ:

1. கண்டபடி எழுத்துக்கள் அமைந்த டி.என்.ஏ. துண்டுகளைப் புரதத்தோடு கலக்கவும்.
2. ஒட்டாதவற்றைக் கழுவி வெளியேற்றவும்.
3. ஒட்டியவற்றை மட்டும் பிரித்து, பி.சி.ஆர். மூலம் கோடிக்கணக்கில் காப்பி எடுக்கவும்.
4. அந்தக் காப்பிகளை வைத்து மறுபடியும் முதலில் இருந்து தொடங்கவும்.

ஒவ்வொரு சுற்றிலும் கழுவுவதைக் கடுமையாக்கிக் கொண்டே போனால், பத்து சுற்று வாக்கில் கெட்டியாகப் பிடிக்கும் சில வரிசைகள் மட்டுமே மிஞ்சும். ப்ரோகிராமர்களுக்கு இது லூப்பும் ஃபில்டரும் சேர்ந்த கதை. ஜெனிடிக் அல்காரிதம் படித்தவர்களுக்கு அதே தான் சோதனைக் குழாயில் ஓடுகிறது என்று புரியும்.

1992-ல் ரத்தத்தை உறைய வைக்கும் திராம்பின் என்ற புரதத்துக்கு 15 எழுத்தில் ஒரு அப்டாமர் கிடைத்தது. ஜிஜிடிடி ஜிஜிடிஜிடி ஜிஜிடிடிஜிஜி என்பது அதன் வரிசை. பின்னாலிருந்து படித்தாலும் நம் 'விகடகவி' போல அப்படியே வரும்! இதை ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பினால் போதும், எந்த நாட்டு லேபிலும் கெமிக்கல் முறையில் அப்படியே செய்து கொள்ளலாம். விலங்கு தேவையில்லை.

சோமாஸ்கேன் எப்படி வேலை செய்கிறது?

லாரி கோல்ட் தொடங்கிய சோமாலாஜிக் நிறுவனம் இந்த யோசனையை வைத்து சோமாஸ்கேன் என்ற முறையை உருவாக்கியது. சாதாரண அப்டாமர்களின் எழுத்துக்களில் சிறு கெமிக்கல் ஒட்டுக்களைச் சேர்த்தார்கள். இதனால் அவை புரதத்தைப் பிடித்தால் சீக்கிரம் விடுவதில்லை. இந்தத் திருத்திய துண்டுக்கு சோமாமர் என்று பெயர்.

முதலில் சோமாமர்களை, பயோட்டின் கொக்கி மூலம், நுண்ணிய மணிகளில் மாட்டி ரத்த மாதிரியோடு கலக்கிறார்கள். அம்மா சாப்பிட்ட அதே பயோட்டின் தான்! ஒட்டாத புரதங்கள் கழுவப்படுகின்றன. அடுத்து, ஒட்டிய புரதங்களுக்கும் பயோட்டின் கொக்கி போடுகிறார்கள். பிறகு புற ஊதா ஒளியைக் காட்டினால் பழைய கொக்கி அறுந்து, சோமாமரும் புரதமும் ஜோடியாக மணியை விட்டு வெளியே வரும். அப்போது ஒரு போட்டிப் பொருளைச் சேர்த்தால், தவறாக ஒட்டிய ஜோடிகள் சீக்கிரம் பிரிந்து விடும், சரியான ஜோடிகள் தாக்குப் பிடிக்கும். கடைசியாக, புரதத்தின் கொக்கியைப் பிடித்து இரண்டாவது மணியில் மாட்டி, தனியாகத் திரியும் சோமாமர்களைக் கழுவி விடுகிறார்கள்.

இப்போது குழாயில் எத்தனை சோமாமர் இருக்கிறதோ, ஏறத்தாழ அத்தனை புரதம் இருந்தது என்று கணக்கு. அந்த சோமாமர்களைப் பிரித்து, டி.என்.ஏ. சிப்பில் விட்டு, எந்த இடம் எவ்வளவு ஒளிர்கிறது என்று ஸ்கேன் செய்கிறார்கள். புரதத்தை எண்ணும் கஷ்டமான வேலை, டி.என்.ஏ.வை எண்ணும் எளிய வேலையாக மாறி விட்டது. முழு தந்திரமும் இது தான்.

2010-ல் வெளியான முதல் பெரிய கட்டுரையில் 15 மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 813 புரதங்கள் அளக்கப்பட்டன. 2021-ல் ஐஸ்லாந்தின் டிகோட் நிறுவனம் 35,559 பேரின் ரத்தத்தை 4,907 அப்டாமர்களால் அளந்து, ஜீன்களோடு ஒப்பிட்டது.

நீங்களும் பார்க்கலாம்

ரிசல்ட், அடாட் என்ற ஃபைலாக வருகிறது. இது டேப் மூலம் பிரிக்கப்பட்ட சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடிலேயே திறக்கும். இலவச மென்பொருளான ஆர் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால், சோமாடேட்டாஐஓ என்ற இலவச பேக்கேஜை நிறுவிக் கொள்ளுங்கள். பழகிப் பார்க்க மாதிரி டேட்டாவும் கிடைக்கிறது.

திறந்ததும் ஒன்றைக் கவனிப்பீர்கள். எண்களில் மில்லிகிராம், பிகோகிராம் எதுவும் இருக்காது. ஆர்.எஃப்.யு. என்ற ஒளிர்வு அளவு தான் இருக்கும். ஒருவருக்கு இது மற்றவரை விட அதிகமா, குறைவா என்று ஒப்பிடலாம். ஆனால் ஒரே ஆளிடம் 'ஏ' புரதத்துக்கு 5,000, 'பி' புரதத்துக்கு 500 என்று இருந்தால், 'ஏ' பத்து மடங்கு அதிகம் என்று சொல்லக் கூடாது.

இரண்டு மெஷின், இரண்டு பதில்

இனி முக்கியமான கேள்வி. தூண்டிலில் சிக்கியது நாம் நினைத்த மீன் தானா?

ஓலிங்க் என்ற போட்டி முறை, ஒவ்வொரு புரதத்துக்கும் இரண்டு ஆன்டிபாடிகளைப் பயன்படுத்துகிறது. 2023-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில், ஐஸ்லாந்தைச் சேர்ந்த 1,514 பேரின் ரத்தத்தை இரண்டு முறைகளிலும் அளந்து பார்த்தார்கள். ஒரே புரதத்துக்கு இரண்டும் தந்த எண்களில் ஒற்றுமை சுமாராகத் தான் இருந்தது.

யார் சொல்வது சரி? ஒரு சாட்சியைத் தேடினார்கள். ஒரு புரதத்தை உருவாக்கும் ஜீனில் ஆளுக்கு ஆள் எழுத்து வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தோடு சேர்ந்து மெஷின் தரும் அளவும் ஏறி இறங்கினால், சரியான புரதத்தைத் தான் பிடிக்கிறது என்று நம்ப இடமுண்டு. இந்தச் சாட்சி ஓலிங்க் அளவீடுகளில் 72 சதவீதத்துக்கும், சோமாஸ்கேன் அளவீடுகளில் 43 சதவீதத்துக்கும் கிடைத்தது. சாட்சி இல்லாததாலேயே மற்றவை தவறு என்று ஆகி விடாது. சாட்சி கிடைத்தாலும் எச்சரிக்கை தேவை. ஜீன் வித்தியாசம் புரதத்தின் வடிவத்தை மாற்றி விட்டால், புரதம் அதே அளவில் இருக்கும் போதே தூண்டில் சரியாக ஒட்டாமல் போகும். மெஷினோ 'குறைவு' என்று சொல்லும்.

அதற்காக அப்டாமரை ஒதுக்கி விட முடியாது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், 1,130 புரதங்களை அளந்து, அதிலிருந்து ஒன்பதைத் தேர்ந்தெடுத்து, இதய நோயாளிகளில் யாருக்கு மறுபடி ஆபத்து வரும் என்று கணித்தார்கள். பழைய முறையை விடக் கணிப்பு ஓரளவு மேம்பட்டது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் சந்தேகத்துக்குரியவர்களைப் பிடித்துத் தர இது அருமையான தேடல் கருவி. கிடைத்த பெயர்களை வேறு முறையில் சரி பார்த்த பிறகே நோயாளிக்கான டெஸ்டாக மாற வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

எதிர்காலத்தில் 'ஒரு துளி ரத்தம், ஆயிரக்கணக்கில் டெஸ்ட்' என்று விளம்பரம் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த முறையில் அளந்தீர்கள்? வேறு முறையில் சரி பார்த்தீர்களா? இந்த எண் உண்மையான அளவா, ஒப்பீடா?

இன்றைய சாதாரண டெஸ்டுக்கும் இது பொருந்தும். தொடர்ந்து பார்க்க வேண்டிய டெஸ்டை முடிந்த வரை ஒரே லேபில் எடுங்கள். சாப்பிடும் மாத்திரைகள், வைட்டமின் உட்பட, எல்லாவற்றையும் லேபிலும் டாக்டரிடமும் சொல்லுங்கள். அம்மா இப்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறார். முதல் வரியிலேயே பயோட்டின் இருக்கிறது.