பனியூர்தி எஞ்சினும் ஓட்டும் உயரமும்

பனியூர்தி (ஸ்னோமொபைல்) எஞ்சினின் அமுக்க விகிதம், பெட்ரோலின் ஆக்டேன் எண், வண்டி ஓடும் இடத்தின் உயரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. பொருத்தம் தவறினால் மலையில் வண்டி வலுவிழக்கும். தாழ்நிலத்தில் பிஸ்டனே உருகிவிடலாம்.

அமுக்க விகிதமும் நாக்கிங்கும்

பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டரில் உள்ள கொள்ளளவை, அது மேலே வந்தபின் எஞ்சும் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பது அமுக்க விகிதம் ஆகும். மலைப் பனியூர்திகளில் பெரும்பாலும் உள்ள இருவீச்சு எஞ்சினில், வெளியேற்றத் துளை மூடும் இடத்திலிருந்தும் இதைக் கணக்கிடுவதுண்டு.

விகிதம் கூடினால் ஆற்றல் கூடும். ஆனால் அழுத்தமும் வெப்பமும் அளவு மீறினால், தீச்சுடர் வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கிறது. இதுவே நாக்கிங். இதை எதிர்க்கும் திறனையே ஆக்டேன் எண் குறிக்கிறது. உயர் ஆக்டேன் பெட்ரோலில் ஆற்றல் அதிகம் என்பது தவறான கருத்து. அமெரிக்காவில் 87, 91 என எழுதப்படுபவை இரு சோதனை முறைகளின் சராசரி; 87 என்பது ஐரோப்பிய முறையில் ஏறத்தாழ 91 முதல் 92 வரை வரும்.

உயரத்தின் விளைவு

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 3,000 மீட்டர் உயரத்தில் அது 70 கிலோபாஸ்கல் ஆகக் குறைகிறது. உள்ளே வரும் காற்று குறைவதால் அமுக்கத்தின் இறுதி அழுத்தமும் குறைகிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு ஆற்றல் இழப்பு ஏற்படும். நாக்கிங் வாய்ப்பும் குறைவதால், ராக்கி மலை மாநிலங்களில் 85 ஆக்டேன் பெட்ரோலும் விற்கப்படுகிறது.

இழந்த ஆற்றலில் ஒரு பகுதியை மீட்க, சிலிண்டர் தலையை மாற்றியோ கடைந்தோ அமுக்க விகிதத்தைக் கூட்டுவர். அழுத்தமானியால் சோதிக்கும்போதும் உயரத்தைக் கருத வேண்டும். கடல் மட்டத்தில் 120 பிஎஸ்ஐ காட்டும் எஞ்சின், கணக்கின்படி 3,000 மீட்டரில் சுமார் 83 மட்டுமே காட்டும். இது தேய்மானம் அன்று.

தாழ்நிலத்திற்குத் திரும்புதல்

வயோமிங் மாநிலத்தின் டோக்வோட்டி கணவாய் சுமார் 2,940 மீட்டர் உயரத்தில் உள்ளது. மிச்சிகனின் சுப்பீரியர் ஏரிக்கரை சுமார் 183 மீட்டர் மட்டுமே. கணவாய்க்கென அமுக்கம் கூட்டிய எஞ்சினை 85 ஆக்டேன் பெட்ரோலுடன் ஏரிக்கரையில் முழு வேகத்தில் ஓட்டினால் நாக்கிங் ஏற்பட்டு பிஸ்டன் பழுதாகும். கார்புரேட்டர் வண்டியில் மலைக்கென மாற்றிய சிறிய ஜெட் அப்படியே இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து ஆபத்து இன்னும் கூடும். கடுங்குளிரும் காற்றின் அடர்த்தியைக் கூட்டும்: 0 பாகையை விட −30 பாகை செல்சியசில் அடர்த்தி சுமார் 12 விழுக்காடு அதிகம்.

எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகளில் உணரிகள் கலவையைத் தாமே திருத்தும். ஆனால் அமுக்க விகிதத்தை அவற்றால் மாற்ற இயலாது.

டர்போ எஞ்சின்கள்

டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால், மலையிலும் சிலிண்டரில் தாழ்நில அளவு அழுத்தம் நிலவும். எனவே உயரத்தைக் காரணம் காட்டி இவற்றில் ஆக்டேனைக் குறைக்கக்கூடாது. எந்த வண்டியாயினும் கையேட்டில் உள்ள ஆக்டேன் அளவே குறைந்தபட்ச எல்லை. அமுக்கத்தை மாற்றியிருந்தால் பயணத்தில் வரும் மிகத் தாழ்வான இடத்திற்கு ஏற்பவே பெட்ரோலைத் தேர்வு செய்ய வேண்டும்.