தொப்பிக்காரர் யார்?

பாட்டியின் கல்யாண போட்டோவில் பின்வரிசையில் நிற்கும் தொப்பிக்காரர் யார்? சொல்லத் தெரிந்தவர் கண்ணை மூடிவிட்டால் படம் வெறும் அட்டை. இந்தியத் திருமணங்கள் பற்றிப் புத்தகம் போடும் யோசனையில் இணையத்தில் பழைய படங்கள் கேட்டார், மும்பை புகைப்படக் கலைஞர் அனுஷா யாதவ். வந்தவையோ படங்கள் மட்டுமல்ல, குடும்பக் கதைகளும்தான். அதிலிருந்து 2010-ல் பிறந்தது 'இந்தியன் மெமரி ப்ராஜெக்ட்' என்ற இணையக் காப்பகம். 1991-க்கு முந்தைய படங்களுக்கே அங்கே இடம். பிரிவினையில் ஊரை விட்டு வந்தவர்கள் உட்பட, பாடநூல் கண்டுகொள்ளாத முகங்கள் நிறைய. படத்துடன் அதன் கதையையும் வீட்டார்தான் தரவேண்டும். சிரமமே அங்குதான். ஸ்கேன் செய்யக் கடை இருக்கிறது, அவசரமில்லை. தொப்பிக்காரரின் பெயர் தெரிந்த பெரியம்மாவுக்கோ வயது 90.