பதினைந்து வாட்டில் ஓர் அரங்கம்

1954 நவம்பர் 1. லண்டனில் தேம்ஸ் கரையோரம், திறந்து மூன்றே ஆண்டான ராயல் ஃபெஸ்டிவல் ஹால். மேடையில் வாத்தியக்காரர்கள், பக்கத்திலேயே ஸ்பீக்கர் பெட்டிகள். நேரில் கொஞ்சம் வாசிப்பு, பிறகு ஒலிப்பதிவு, மறுபடி வாசிப்பு என்று மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைச் சபை தன் காதாலேயே அளந்துகொள்ளலாம். நடத்தியவர் யார்க்‌ஷயரில் வார்ஃப்டேல் ஸ்பீக்கர்களைத் தயாரித்துவந்த கில்பர்ட் பிரிக்ஸ். கூட நின்றவர் ஹன்டிங்டன் என்ற சிறு நகரத்தில் ஆம்ப்ளிஃபயர் செய்துவந்த பீட்டர் வாக்கர். கிட்டத்தட்ட 3,000 பேர் உட்காரும் அந்தக் கூடத்துக்கு வாக்கர் கொண்டுவந்தவை, ஒவ்வொன்றும் 15 வாட் மட்டுமே தரும் குவாட் 2 வால்வு ஆம்ப்ளிஃபயர்கள்.

கைக்கு அடங்கும் புளூடூத் ஸ்பீக்கரின் அட்டைப்பெட்டியிலேயே இன்று அதைவிடப் பெரிய எண்ணை அச்சடித்துவிடுகிறார்கள்.

அந்தக் குவாட் 2-இல் ஒரு ஜோடி என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வருவதற்கு முன்பே பிறந்த கருவி என்பதால் இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று வேண்டும். வந்து கேட்கும் நண்பர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: இதமாக இருக்கிறது. அந்த இதம் வால்வின் பிறவிக்குணம் என்பது பொதுவான நம்பிக்கை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இந்தக் கருவிகளைச் செய்தவர்களின் கதையைப் படிக்கப் படிக்க, அவர்கள் வாழ்நாளெல்லாம் அந்தப் பிறவிக்குணத்தோடு போராடியவர்கள் என்று தெரிந்தது.

முதலில் 15 வாட் எப்படிப் போதும் என்ற கணக்கு. நடுத்தரமான ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் சுமார் 90 டெசிபல் ஒலி எழும். வீட்டில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்பது 75, 80 டெசிபலில். 10 டெசிபல் குறைக்க மின்திறனைப் பத்தில் ஒரு பங்காக்கினால் போதும். ஆக 80 டெசிபலுக்கு 0.1 வாட். மிருதங்கத்தின் தொப்பியில் ஒரு ‘தோம்’ விழுகிற கணத்தில் ஒலி சராசரியைவிட 20 டெசிபல் எகிறலாம். அது நூறு மடங்கு, அதாவது 10 வாட். அதுவும் 15-க்குள் அடங்கிவிட்டது. 15-ஐ 30 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். கொஞ்சம் கூடியிருக்கிறதோ என்று காது சந்தேகப்படும் அளவு. நாம் கேட்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்த முதல் அரை வாட்டுக்குள்ளேயே கழிகிறது. அந்த அரை வாட் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

சுவிட்சைப் போட்டவுடன் பாட்டு வராது. அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த அரை நிமிடம் எனக்குப் பிடிக்கும். தோள் அகன்று கீழே குறுகிய கண்ணாடிக் குடுவைகள் இரண்டு, இவைதான் கே.டி.66. உள்ளே சாம்பல் நிறத் தகடு, அதன் மேல் இடுக்கில் ஒரு செம்புள்ளி. முதலில் இருந்ததா இல்லையா என்று தெரியாத சிவப்பு, பிறகு ஆரஞ்சு. அங்கே ஒரு நிக்கல் குழாய் 700, 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகள் வெள்ளைப் பூச்சாக அப்பியிருக்கின்றன. சூடு ஏறியதும் பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள், உலைநீரிலிருந்து ஆவி கிளம்புகிற மாதிரி கிளம்புகின்றன. சுற்றிலும் இருக்கிற தகட்டில் 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின் அழுத்தம். எலெக்ட்ரான்கள் அதை நோக்கிப் பாய்கின்றன. இடையில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று வேலிபோல நிற்கிறது. அதுதான் கிரிட். கிரிட்டின் மின்னழுத்தம் சற்றே ஏறி இறங்கினாலும் பாயும் மின்னோட்டம் அதற்கேற்பக் கூடிக் குறைகிறது. மதகுப் பலகையை விரற்கடை தூக்கினால் வாய்க்காலில் வெள்ளம் மாறுவதைப் போல. வால்வு என்ற பெயருக்கே அடைப்பான் என்றுதான் பொருள்.

கண்ணாடியின் உட்புறம் ஓரிடத்தில் கண்ணாடிக்கு ரசம் பூசியது மாதிரி வெள்ளிப் பளபளப்பு தெரியும். அது அழகுக்கு அல்ல. உள்ளே மிச்சமிருக்கும் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ள ஆவியாக்கிப் படியவைத்த பேரியம். குடுவையில் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் அந்தப் பளபளப்பு பால்வெள்ளையாக மாறிவிடும். பழைய வால்வு வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

1904-இல் இங்கிலாந்தின் ஃபிளெமிங் இரண்டு முனை வால்வைச் செய்தார். 1906-இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் மூன்றாவதாகக் கிரிட்டை நுழைத்தார். 1915-இல் நியூயார்க்கில் பேசியது சான் ஃபிரான்சிஸ்கோவில் கேட்டது, வழிநெடுக வால்வுகள் குரலைத் தூக்கிக் கொடுத்ததால். தொலைபேசிக்கு அது போதும், குரல் புரிந்தால் சரி. இசைக்குப் போதாது.

ஏனென்றால் வால்வு நேர்மையான சாட்சி அல்ல. கிரிட்டில் நாம் கொடுக்கும் அலைக்குச் சரிவிகிதமாக மின்னோட்டம் மாறுவதில்லை. அந்த உறவு நேர்கோடாக இல்லாமல் சற்று வளைந்திருக்கிறது. வளைவின் விலை, கொடுக்காத ஸ்வரங்களும் சேர்ந்து வருவது. ஒரு ஸட்ஜத்தை அனுப்பினால், இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் மேல் ஸட்ஜம் நிழல்போல் கூட வரும். மூன்று மடங்கு என்றால் அதற்கும் மேலே உள்ள பஞ்சமம். தம்புராவை மீட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டால் இவை அத்தனையும் அந்தத் தந்தியின் ஒலியிலேயே இருக்கின்றன. அதனால்தான் இந்தச் சேர்க்கை காதை உறுத்துவதில்லை, ஒலி தடித்து நிறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஏழாவது மடங்கு அப்படியல்ல. அது நம் ஸ்வரஸ்தானம் எதிலும் சரியாக உட்காராது. வால்வின் பிழையில் முதல் வரிசை நிழல்கள்தான் பெரிது. மேல்வரிசை வேகமாகத் தேய்ந்துவிடும்.

வால்வு இனிமை என்று சொல்பவர்கள் இந்த இரண்டாம் மடங்கைத்தான் காட்டுவார்கள். ஆனால் குவாட் 2-இல் அது ஏறக்குறைய இல்லை. இரண்டு கே.டி.66-உம் ரம்பத்தின் இரு முனையைப் பிடித்த இரண்டு ஆள் மாதிரி வேலை செய்கின்றன. ஒன்று இழுக்கும்போது மற்றது விடும். இரண்டின் வளைவுகளும் எதிரெதிராக நின்று இரட்டைப்படை நிழல்களை அழித்துவிடுகின்றன. எட்டு வாட்டோடு தனியாக நின்று பாடும் 300 பி போன்ற ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயர்களுக்கு அந்த விளக்கம் பொருந்தும். இங்கே பொருந்தாது.

பிழையைக் குறைக்கிற பந்தயம் இங்கிலாந்தில் போர் முடிந்த கையோடு தொடங்கியது. 1945-இல் ஹரால்ட் லீக், 0.1 சதவீதத்துக்கு மேல் பிழை இல்லை என்ற உறுதியைத் தன் ஆம்ப்ளிஃபயரின் பெயரிலேயே வைத்தார். 1947 ஏப்ரலிலும் மே மாதத்திலும் ‘ஒயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் டி.டி.என். வில்லியம்சன் தன் சர்க்யூட்டை முழுசாக எழுதிக் கொடுத்தார். 15 வாட், அதே 0.1 சதவீதம். உலகம் முழுக்க ஆர்வலர்கள் அதைப் பார்த்துச் சால்டரிங் வைத்துக் கட்டினார்கள். இருவருக்கும் கைகொடுத்தது 1927-இல் ஹரால்ட் பிளாக் என்ற பொறியாளர் ஹட்சன் நதியைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது கையிலிருந்த செய்தித்தாளின் மேல் கிறுக்கிய எண்ணம்: வெளியே வருவதில் ஒரு பங்கைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே கொண்டுவந்தால், ஆம்ப்ளிஃபயர் தன் பிழையைத் தானே கழித்துக்கொள்ளும். இதுதான் பின்னூட்டம்.

சொல்வது சுலபம். ஆனால் அந்தப் பங்கு வந்துசேரும் வழியில் ஒரு மலை நிற்கிறது. அது டிரான்ஸ்ஃபார்மர்.

வால்வு நிறைய வோல்ட் தரும், மின்னோட்டம் சொற்பமாகத்தான் தரும். ஸ்பீக்கருக்கு வேண்டியது நேர்மாறு. கடப்பாரையின் நீண்ட முனையை ஒரு முழம் அழுத்தினால் குட்டை முனையில் பாறை விரற்கடை நகர்கிறதே, அந்த நெம்புகோல் வேலையை இங்கே டிரான்ஸ்ஃபார்மர் செய்கிறது. ஒரு பக்கம் 25 சுற்றுக்கு மறுபக்கம் 1 சுற்று என்றால், 8 ஓம் ஸ்பீக்கர் வால்வின் கண்ணுக்கு 5,000 ஓமாகத் தெரியும். அடிநாதம் தேயாமல் வர இரும்பு நிறைய வேண்டும், சுற்றும் நிறைய வேண்டும். ஆனால் சுற்று கூடக்கூட உச்ச ஸ்வரங்கள் கம்பிகளுக்கிடையிலேயே கசிந்து காணாமல் போகும். அதைத் தடுக்க, கம்பிச்சுற்றைப் பல அடுக்காகப் பிரித்து, முதல் சுருளில் ஓர் அடுக்கு, இரண்டாம் சுருளில் ஓர் அடுக்கு என்று ஊடே ஊடே வைத்துச் சுற்ற வேண்டும். வாக்கர் இன்னொன்றும் செய்தார். சுருளின் சுமார் பத்தில் ஒரு பங்கை வால்வின் கேத்தோடு, அதாவது சூடேறும் அந்த நிக்கல் குழாயின் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார். பின்னூட்டம் வால்வின் காலடியிலேயே கிடைத்துவிட்டது. குவாட் 2-ஐத் தூக்கிப் பார்ப்பவர்கள் அதன் கனத்தில் திடுக்கிடுவது இத்தனை இரும்பாலும் கம்பிச்சுற்றாலும்தான்.

அப்படியானால் பிழையைத் துடைத்தெடுத்த பிறகும் அந்த இதம் எங்கிருந்து வருகிறது? எனக்குத் தெரிந்தவரை மிச்சமிருப்பவை இரண்டு. ஒன்று, சுமை எல்லை மீறும் கணம். அதிகப் பின்னூட்டம் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் அலையின் தலை கத்தியால் சீவியது போல வெட்டுப்படும், சுருக்கென்று கேட்கும். வால்வில் தலை மெல்ல மழுங்கும். இன்னொன்று, ஸ்பீக்கரோடு இருக்கும் உறவு. 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் ஸ்பீக்கரின் தடை ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். சில இடங்களில் 30 ஓமைத் தாண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயருக்கும் ஓர் உள்தடை உண்டு, ஓரிரு ஓம் வரைகூட. தடை ஏறும் இடத்திலெல்லாம் ஒலி சற்றுத் தூக்கலாகும். அடிநாதம் உருண்டு வருகிறது என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். 1985-இல் அமெரிக்காவில் பாப் கார்வர் இதை நிரூபித்தே காட்டினார். ‘ஸ்டீரியோஃபைல்’ இதழின் சவாலை ஏற்று, ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து, தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை மாற்றி மாற்றி, அவர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் போலவே ஒலிக்கவைத்தார். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இல்லை. காது கேட்டது உண்மைதான், அதற்குக் காரணமும் அளவும் உண்டு என்று தெரிந்ததில் மகிழ்ச்சிதான்.

ஆகவே ஸ்பீக்கரையும் அறையையும் விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது வீண். நம் வீடுகளில் சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை. ஒலி எங்கே பட்டாலும் திரும்பி வருகிறது. என் கூடத்தில் ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்து, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்த அன்றுதான் பாடகியின் குரல் ஓரிடத்தில் நின்றது. அதற்கான செலவு சில நூறு ரூபாய்.

பழைய கருவி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விற்றவர் நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னதை நம்பி, என் ஜோடியில் ஒன்றை நேராகப் பிளக்கில் சொருகினேன். இரண்டே நிமிடத்தில் ஒரு கே.டி.66-இன் தகடு, செம்புள்ளி அல்ல, தகடே சிவந்து எரிந்தது. கை பதற அணைத்தேன். பழைய காகிதக் கெப்பாசிட்டர் கசிந்து, கிரிட்டுக்குப் போகக்கூடாத நேர்மின் அழுத்தத்தைக் கொண்டுபோயிருந்தது. மதகு முழுக்கத் திறந்துகொண்டது. இத்தகைய கருவியை முதலில் வேரியாக் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மின்னழுத்தம் ஏற்றி, ஒவ்வோர் இடமாக அளந்து பார்க்க வேண்டும். அணைத்த பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அடிமூடியைத் திறக்கவே கூடாது.

ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில் வால்வு ரேடியோ காலத்திலிருந்தே வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றினார். சில ரெசிஸ்டர்கள், ஒரு வால்வு. பிறகு தார் ஊற்றி அடைத்த அந்த டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவின் முனைகளில் மீட்டரை வைத்துப் பார்த்து, ஜோடியின் இன்னொரு ஆம்ப்ளிஃபயரிலும் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே எண்.

“எதைக் கழட்டினாலும் இதைக் கழட்டாதீங்க சார். இனிமே இப்படிச் சுத்த ஆள் கிடையாது.”

“ஐயா, ஒரு தடவை வீட்டுக்கு வந்து கேட்டுப் பாருங்க” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். எம்.டி. ராமநாதனின் இசைத்தட்டை வைத்தேன். கீழே, கீழே என்று அவர் குரல் மந்திர ஸ்தாயியில் இறங்க, ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவர் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். பக்கம் முடியும்வரை பேசவில்லை. பிறகு எழுந்து போய், வால்யூம் எவ்வளவு வைத்திருக்கிறேன் என்று குனிந்து பார்த்தார். குமிழ் கடிகாரத்தில் ஒன்பது மணி இருக்கும் இடத்தைக்கூட எட்டவில்லை.