பரவித் தேடி, கூடி உண்ணும் டால்பின்கள்

கடலில் எங்கு நோக்கினும் மீன் நிறைந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், நெத்திலி போன்ற சிறு மீன்கள் அடர்ந்த கூட்டங்களாகவே திரிகின்றன. ஒரு கூட்டத்திற்கும் மறு கூட்டத்திற்கும் இடையே வெறும் நீர்ப்பரப்பே நெடுந்தொலைவு விரிந்து கிடக்கும். அதில் டால்பின்கள் இரையை எவ்வாறு கண்டடைகின்றன?

அர்ஜென்டினாவின் படகோனியாக் கரையிலுள்ள சான் ஹோசே வளைகுடாவின் டஸ்கி டால்பின்கள் இதற்கு நல்ல சான்று. 1970களில் பெர்ண்ட் வூர்சிக், மெலனி வூர்சிக் தம்பதியர், நில அளவைக்குப் பயன்படும் தியோடலைட் கருவியைக் கரையோர உயரத்தில் நிறுத்தி, இவற்றின் நடமாட்டத்தைக் கண்காணித்தனர்.

இரை தேடும்போது இவை சிறு குழுக்களாகப் பிரிந்து, இடைவெளி விட்டுப் பரவி நீந்துகின்றன. அதனால் அகன்ற பரப்பை ஒரே நேரத்தில் துழாவ முடிகிறது. ஒவ்வொரு டால்பினும் குறுகிய ஒலித்துடிப்புகளை முன்னோக்கிச் செலுத்துகிறது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். இது காற்றில் செல்லும் வேகத்தைப்போல் நான்கு மடங்கிற்கும் அதிகம். மீனின் உடலிலுள்ள காற்றுப்பையில் பட்டு எதிரொலிக்கும் அவ்வொலியை, டால்பினின் கீழ்த்தாடை வாங்கி உட்செவிக்குக் கடத்துகிறது.

மீன் கூட்டத்தைக் கண்டதும் டால்பின்கள் அதனைக் கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் வளைத்து, மேல்நோக்கித் தள்ளுகின்றன. நீரின் மேற்பரப்பே சுவராகிவிட, மீன்கள் பந்துபோல் திரள்கின்றன. டால்பின்கள் அதனுள் பாய்ந்து, மீன்களை மெல்லாமல் முழுதாக விழுங்குகின்றன.

எனினும், சில டால்பின்களால் மட்டும் இப்பந்தை நெடுநேரம் காக்க இயலாது. மீன்கள் சில நிமிடங்களிலேயே சிதறித் தப்பிவிடும். அவ்வேளையில் டால்பின்களின் துள்ளலும், மேலே வட்டமிடும் கடற்காகங்களும் ஆலாக்களும் தொலைவிலுள்ள குழுக்களுக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. அவை வந்து சேர, எண்ணிக்கை சில வேளைகளில் முந்நூறை எட்டுகிறது. வேட்டையும் மணிக்கணக்கில் நீள்கிறது. பங்காளிகள் பெருகியும் பங்கு குறைவதில்லை. அவர்கள் வராவிடில் பங்கிடவே ஒன்றும் எஞ்சாது.

ஆகவே, இவ்வேட்டைக்குச் செறிந்த மீன் கூட்டமும் வேண்டும். போதிய டால்பின்களும் வேண்டும். நெத்திலியை மனிதரும் பிடிக்கின்றனர்; இழுவை வலைகளில் டஸ்கி டால்பின்கள் சிக்கி இறந்ததும் அக்கடலில் பதிவாகியுள்ளது. கணக்கில் ஓர் உயிரின் இழப்பாக நமக்குத் தெரிவது, எஞ்சியவை கூடி உண்ணும் வலிமையின் முதலிலிருந்தே கழிகிறது என்பதை நாம் உணர வேண்டும்.